தாய்சேய் நலமும் சத்திர வைத்தியமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"வைத்தியம் படிக்கிற பிள்ளை, சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது சொல்லும்" என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டார்கள். கொதித்தாறின நீர் குடியுங்கள், நுளம்பு பெருகவிடாதீர்கள் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்குவது எனக்கும் இலகு, உங்களுக்கும் இலகு. ஆயினும் எங்கள் வீட்டிலே முப்பது வருடமாக மெல்லிய குரலிற் பேசப்பட்டு வந்த ஒரு காரியம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க மனம் வரவில்லை. நான் இன்னும் மாணவன், கத்தி பிடித்தவனல்லன். நூலிற் படித்ததும், ஆசிரியர் சொல்லக் கேட்டதும், வீட்டில் நடந்ததுமே என் கைப்பொருள். பிழை கண்டாற் பொறுத்தருளுக.

எங்கள் பெரியம்மா 1994ஆம் ஆண்டு இறந்தா. நான் அப்பொழுது பிறக்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டு மணிபோல வீட்டிலேயே பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை வீரிட்டு அழுதது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் இளங்கொடி விழவில்லை. இரத்தம் போய்க்கொண்டிருந்தது. பிரசவம் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, "ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றா. பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணி முதல் நாலரை வரை இராகுகாலம். "இராகுகாலம் கழியட்டும் பிள்ளை, பிறகு வெளிக்கிடுவம்" என்று சொன்னது என் அம்மம்மா. நாலரைக்குப் பிறகு வாகனம் தேடினார்கள். அது எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம். மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை ஸ்ராட் பண்ண நாலு துளி பெற்றோலும் கிடையாது. கடைசியில் ஒரு லாண்ட்மாஸ்ரரிலே படங்கு விரித்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபொழுது விளக்கு வைத்துவிட்டார்கள். டாக்குத்தர் கேட்டது ஒரேயொரு கேள்வி: "பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தது?" பதில் சொன்னதும் அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லையாம்.

இதை அம்மம்மாவின் அனுமதியோடுதான் சொல்லுகிறேன். போன கிழமை கேட்டேன். "சொல்லு மோனை, ஒளிச்சு என்ன வரப்போகுது" என்றா.

நிற்க. அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் உடம்பிலே என்ன நடக்கிறது என்பதைப் படித்தபிறகே எனக்கு விளங்கியது. நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் அரை லீற்றருக்குக் குறையாத இரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்து இளங்கொடி கழன்றதும் கருப்பைத் தசை இறுகிச் சுருங்கி, திறந்த நாளங்களை நெரித்து மூடவேண்டும். அது சுருங்காவிட்டால், அல்லது கொடி உள்ளே தங்கிவிட்டால், குழாய் திறந்தபடியே கிடக்கும். ஒரு பெண்ணின் உடம்பில் உள்ள இரத்தம் எல்லாமாக ஐந்தாறு லீற்றர். இரண்டு மணித்தியாலத்துக்குள்ளே உயிர் போகலாம். பஞ்சாங்கத்தில் உள்ள கணக்கும் கருப்பையில் உள்ள கணக்கும் ஒத்துவராத இடம் இது. சோதிடத்தை நான் இகழ வரவில்லை. நாளைக்கு எனக்குப் பெண் பார்க்கும்பொழுதும் அம்மா சாதகத்தோடுதான் புறப்படுவா. ஆனால் இரத்தப் பெருக்கு நாள் பார்ப்பதில்லை.

பெரியம்மா இறந்த அதே 1994இலே, தாடியஸ், மேன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் தாய்மரணங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். இன்றும் வைத்திய மாணவர்க்கு அது பாடம். தாய்மார் இறப்பது மூன்று தாமதங்களால் என்றனர். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று முடிவு செய்வதில் வரும் தாமதம் முதலாவது. போய்ச் சேர்வதில் வரும் தாமதம் இரண்டாவது. சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் வரும் தாமதம் மூன்றாவது. விரிவுரை மண்டபத்திலே இதைக் கேட்டபொழுது நான் குறிப்பெழுதுவதை விட்டுவிட்டேன். மூன்றும் எங்கள் வீட்டுக் கதையாக இருந்தன. நாங்கள் முப்பது வருடமாக "பெற்றோல் இல்லாததால் செத்தா" என்று இரண்டாவதை மட்டும் சொல்லி வந்தோம். அது யுத்தத்தின் பழி; எங்கள் தலையில் விழாது. முதலாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த முதலாவது தாமதம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்திய ஊழியந் தொடங்கியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர். நமது நாவலர் பெருமான் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1848இலே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதே ஆண்டில் கிறீன் மானிப்பாயில் மருந்துப் பெட்டியைத் திறந்தார். கிறீன் மதம் பரப்ப வந்தவர் என்பதை நான் மறைக்கவில்லை, அவரும் மறைத்தவரல்லர். நானும் ஒரு மிஷன் கல்லூரியிற் படித்தவன். திருநீறு பூசிக்கொண்டே போய்வந்தேன். நாவலரும் மிஷன் பாடசாலையிற் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர்தானே. பெற்ற நன்றியை மறைத்துப் பேசுவது அவருக்கும் உவப்பாகாது என்று நினைக்கிறேன்.

கிறீன் வந்த காலத்துச் சத்திர வைத்தியம் எப்படிப்பட்டது? மயக்க மருந்தாகிய குளோரோபோமைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தலாமென்று எடின்பரோவில் சிம்சன் காட்டியதும் 1847இல்தான். கிருமியினாற் புண் புரையோடுகிறதென்பதைக் கருதி லிஸ்டர் தமது முறையை வெளியிட்டது 1867இல். கருப்பையை அறுத்துப் பிள்ளையை எடுத்தபின் அதை முறையாகத் தைக்கலாம் என்று ஜெர்மனியில் சேங்கர் எழுதியது 1882இல். அதற்கு முன் பிள்ளை குறுக்கே கிடந்து பிரசவம் நின்றுவிட்டால், உலகத்தின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் "தாயா, பிள்ளையா" என்பதே கேள்வி. அறுத்தால் தாய் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகவே தாயைக் காக்கப் பிள்ளையைச் சிதைத்து எடுப்பார்கள். இதை மங்கல விழாவிலே சொல்லக் கூசுகிறது. ஆனாலும் இன்று "சிசேரியன்தானே" என்று இலேசாகச் சொல்லுகிறோமே, அந்தச் சொல்லின் பின்னால் எவ்வளவு கண்ணீர் கிடக்கிறது என்பது தெரியவேண்டும்.

இப்படியான காலத்திலே, கருவியும் மருந்தும் போதாத ஓர் ஊரில் இருந்துகொண்டு கிறீன் செய்த வேலை என்னை வியக்க வைக்கிறது. அவர் முதன்முதற் கொண்டுவந்த தமிழ் வைத்திய நூல்களுள் ஒன்று 1857இல் வெளிவந்த 'பிரசவ வைத்தியம்'. பின்பு 1867இல் 'இரணவைத்தியம்' என்ற சத்திர வைத்திய நூல். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்'; கிறே என்பவருடைய உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம் அது. அந்த கிறேயின் நூலைத்தான் நானும் இன்று ஆங்கிலத்திலே புரட்டிக்கொண்டிருக்கிறேன். என் ஊருக்கு அடுத்த ஊரில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அது தமிழில் இருந்ததென்று எனக்கு ஒருவருஞ் சொல்லவில்லை. மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல், மாணாக்கரின் துணையோடு தமிழாக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பழக்கினார். பிற்காலத்தவர்களுக்குத் தமிழிலேயே கற்பித்தார்.

ஏன் தமிழில்? கற்றவர்கள் கிராமத்திலேயே தங்குவார்கள் என்ற எண்ணம் அதில் இருந்தது. என் அறிவுக்கு இன்னொன்றும் படுகிறது. வயிற்றை அறுக்கலாமா என்று தீர்மானிக்கிறவர் அந்தக் காலத்தில் வைத்தியரல்லர். மாமியார், தகப்பன், ஊர்ப் பெரியவர் என்றிவர்களே. அவர்களுக்கு விளங்காத பாஷையிலே பேசும் வைத்தியன், கடைசி நேரத்திலேதான் அழைக்கப்படுவான். நம்முடைய பழைய வைத்தியத்தை எடுத்துக்கொண்டாலும், பரராசசேகரத்திலே கெர்ப்பரோகத்துக்கும் பாலரோகத்துக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஊர் பரியாரியாரை நாங்கள் நம்பியதற்கு, அவர் நம்முடைய சொல்லிலே பேசியதும் ஒரு காரணமன்றோ.

பாஷை விளங்கினாலும் இன்னொரு வேலி இருந்தது. ஆண் வைத்தியர் பெண்ணைத் தொடலாகாது என்ற வேலி. இதைப் பற்றிய கதை தென்னிந்தியாவில் நடந்தது. அதன் வேர் எங்கள் பண்டத்தரிப்பில் இருக்கிறது. 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியஞ் செய்யத் தொடங்கியவர் ஜோன் ஸ்கடர். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடர். 1890ஆம் ஆண்டளவில் திண்டிவனத்திலே ஓரிரவு, ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையிற் கிடக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற அந்தப் பெண்ணை அழைத்தார்கள். பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், வேறொரு இந்து. "எனக்கு வைத்தியந் தெரியாது, என் தகப்பனார் வைத்தியர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வேண்டாமென்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்கா சென்று 1899இல் வைத்தியராகி, வேலூருக்கு வந்து, 1918இல் பெண்களுக்கென வைத்தியப் பாடசாலை தொடங்கினார். இன்று யாழ்ப்பாணத்திலிருந்தும் நோயாளர் தேடிப் போகிற வேலூர் ஆஸ்பத்திரி அதுதான்.

அந்த மூன்று வீடுகளிலும் முதலாவது தாமதமே கொன்றது. அந்தணர் வீடு, முஸ்லிம் வீடு என்று அது வேறுபாடு பார்க்கவில்லை.

நம்முடைய பக்கத்திலே அந்த வேலியை நீக்கியது இணுவில். லீச் சகோதரிமாராகிய மேரி, மார்கரெட் என்போர் திரட்டிய பொருளைக்கொண்டு 1898இல் அங்கே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. இசபெலா கர் என்ற பெண் வைத்தியர் அங்கே நெடுங்காலம் பணிசெய்தார். இந்தச் சபையிலே நரைத்த தலைகள் பல தெரிகின்றன. "நான் இணுவில் ஆஸ்பத்திரியிற் பிறந்தவன்" என்று சொல்லக்கூடியவர்கள் கை உயர்த்தினால் பாதி மண்டபம் உயர்த்தும். (பேசும்பொழுது உண்மையிலேயே பலர் கை உயர்த்தினர், அச்சில் அதை விட மனமில்லை.) சைவாசாரம் வழுவாத வீடுகளிலிருந்தும் பெண்கள் அங்கே போனார்கள். வாசலில் ஒரு பெண் நின்று வரவேற்றாள் என்பதே காரணம்.

குழந்தைகளின் சத்திர சிகிச்சையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குழந்தை என்பது சிறிய உருவிலான பெரிய மனிதன் அன்று. மூன்று கிலோ நிறையுள்ள பச்சைக் குழந்தையின் உடம்பில் உள்ள இரத்தம் முழுவதையும் சேர்த்தாற் கால் லீற்றர். ஒரு கோப்பைத் தேநீர் அளவு. அறுவையின்போது இரண்டு மேசைக்கரண்டி சிந்தினாற் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. குளிர் தாங்காது, தியேட்டரிலே உடம்பின் சூடு இறங்கினால் மூச்சும் இறங்கும். ஆகவே வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளில் பஞ்சினாலும் பொலித்தீனாலும் சுற்றி வைத்துக்கொண்டு, தேவையான இடத்தை மட்டும் திறந்து சத்திர சிகிச்சை செய்வார்கள். பிறந்த பிள்ளை பச்சை நிறமாக வாந்தியெடுத்தால், வயிறு ஊதி மலங்கழியாவிட்டால், குடல் அடைபட்டிருக்கலாம். "தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் கொண்டிருக்கக் கூடாது. இதை மட்டும் வந்திருக்கும் தாய்மார் மறவாதிருந்தாலே என் பேச்சுக்குப் பயன்.

யுத்தகால ஆஸ்பத்திரிகளைப் பற்றி இங்கே உள்ள பெரியோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீங்கள் கண்டவர்கள், நான் கேட்டவன். மின்சாரம் இல்லாத ஆண்டுகளிலே ஜெனரேற்றரை நம்பி, எண்ணெயை அளந்து அளந்து ஊற்றி, யாழ்ப்பாணத்து வைத்தியர் பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். 1987 ஒக்டோபரில் தீபாவளி நாளன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நடத்திய கொலைகளில், மறுநாட் காலை, உள்ளே அகப்பட்டோரைக் காக்க முன்வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009இல் புதுமாத்தளனில் ஒரு பாடசாலைக் கட்டடமே ஆஸ்பத்திரியாயிற்று. மரக்கிளைகளில் சேலைன் போத்தல்கள் தொங்கின. காயக்காரரும் கர்ப்பிணிகளும் செஞ்சிலுவைக் கப்பலிலே ஏறினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பிலே படிக்கிறார்கள்.

வசதியில்லாத இடத்திலிருந்தும் புதுமை பிறக்கும் என்பதற்கு வங்காளதேசத்தை ஓர் உதாரணமாகச் சொல்லலாம். பிரசவத்தின் பின் கருப்பை சுருங்காமல் இரத்தம் ஓடும்போது, உள்ளே ஒரு பலூனை ஊதி அழுத்தி நிறுத்தலாம். கம்பனிகள் விற்கும் பலூனின் விலை ஏழை ஆஸ்பத்திரிகளுக்கு எட்டாதது. டாக்காவிலே சயேபா அக்தர் என்ற பெண் வைத்தியர், சிறுநீர் எடுக்கும் ரப்பர்க் குழாயின் நுனியிலே, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உபயோகிக்கும் ரப்பர் உறையைக் கட்டி (பெரியோர் மன்னிக்க), அதற்குள் சேலைனை ஊற்றி, அதே வேலையைச் செய்து காட்டி 2003இல் வெளியிட்டார். பல நாடுகள் அதைப் பின்பற்றின. ஆயின் அந்த உறையும் குழாயும் தாயைத் தேடி வீட்டுக்கு வரமாட்டா.

2015இலே லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகையின் ஆணைக்குழு, உலகத்தில் ஐந்நூறு கோடி மக்களுக்குப் பத்திரமான சத்திர சிகிச்சை எட்டாத நிலை இருப்பதாகக் கணக்கிட்டது. சிசேரியன், வயிற்றறுவை, வெளியே தெரியும் எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் இரண்டு மணித்தியாலத்துக்குள் எட்டவேண்டுமென்றது. அந்த அளவுகோலால் அளந்தால் நமது நாடு தாழ்ந்ததன்று. 1940களின் நடுப்பகுதியில் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு. இன்று அது முப்பதளவில் வந்து நிற்கிறது. இலவச வைத்தியமும், வீடு வீடாக வரும் குடும்பநல மருத்துவமாதும் செய்த வேலை. 2018 முதல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எங்கள் ஊருக்கும் காசில்லாமல் அம்புலன்ஸ் வருகிறது. லாண்ட்மாஸ்ரர் தேட வேண்டியதில்லை. மூன்றாவது தாமதம் முற்றாகப் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டினாற் பேராதனை ஆஸ்பத்திரியிலே வழமையான சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைத்த செய்தியை வாசித்தோம். அதன்பின் வெளிநாடு சென்ற வைத்தியரும் பலர். அவை அரசாங்கம் பார்க்கவேண்டிய காரியங்கள்.

முதலாவது தாமதத்துக்கு அரசாங்கம் என்ன செய்யும்? இன்று வீட்டிலே யாரும் பிரசவிப்பதில்லை. ஆகவே இராகுகாலம் போய்விட்டதென்று நினைக்கவேண்டாம். அது ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டது. "பத்து ஐம்பதுக்குப் பிறகு வெட்டுங்கோ டாக்குத்தர், நட்சத்திரம் மாறுது" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவசரமில்லாத வேளையில் ஒரு மணித்தியாலம் முன்பின் ஆவதிற் பெரிய மோசமில்லை. பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கும்போதும், கையெழுத்து வைக்கத் தகப்பன் சோதிடருக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது?

திருச்சிராப்பள்ளி மலையில் எழுந்தருளிய பெருமானுக்குத் தாயுமானவர் என்று ஏன் பெயர் வந்தது? செட்டிப்பெண் இரத்தினாவதிக்குப் பிரசவ வேதனை. தாய் காவிரியின் அக்கரையில், வெள்ளத்தில் தடைப்பட்டு நிற்கிறாள். பெருமான் அந்தத் தாயின் வடிவெடுத்து வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடியட்டும், நல்ல வேளை வரட்டும் என்று சிவன் காத்திருந்ததாகப் புராணத்தில் இல்லை. இதை அம்மம்மாவுக்குச் சொன்னபோது அவ வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்டைக்கு உதை எனக்கு ஆரும் சொல்லேல்லை மோனை" என்றா.

பெரியம்மா பெற்ற அந்தப் பிள்ளை, என் அக்கா, இரண்டு வருடத்துக்கு முன் தாயானா. அவவுக்கும் பிரசவத்தின் பின் இரத்தம் நிற்கவில்லை. அன்று அம்மம்மாவே முதலில் எழும்பி, "கையெழுத்தை வை தம்பி, பார்த்துக்கொண்டு நில்லாதே" என்று அத்தானைத் தள்ளினா. அக்காவுக்கு ஏழு பைகள் இரத்தம் ஏற்றினார்கள். யாருடைய இரத்தமென்று எங்களுக்குத் தெரியாது. நம் நாட்டு இரத்த வங்கியிலே எல்லாம் மனமுவந்து கொடுத்தவர்களுடையதுதான்.

ஆகையினாலே செயலாளரிடம் கேட்டு, மண்டப வாசலில் ஒரு மேசையும் கொப்பியும் வைத்திருக்கிறேன். பதினெட்டு வயது நிறைந்து அறுபதுக்கு உட்பட்டவர்கள், ஐம்பது கிலோவுக்குக் குறையாதவர்கள், பெயரும் இரத்த வகையும் தொலைபேசி இலக்கமும் எழுதலாம். நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். வகை எதிர்மறையானவர்கள் மிகச் சிலரே இருப்பர். அவர்கள் தயவுசெய்து பெயருக்குக் கீழே கோடிடுக. வகை தெரியாதவர்களும் எழுதுங்கள், இரத்தம் கொடுக்கும் அன்று பார்த்துச் சொல்வார்கள். கொப்பியின் முதலாம் பக்கத்தில் என் பெயரும் அத்தானுடைய பெயரும் இருக்கின்றன. பேனை ஒன்றுதான் இருக்கிறது; எழுதியபின் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.